கணிப்பொறியும் வலமிருந்து எழுதும் மொழிகளும்

சென்ற ஆண்டு என் அறைத் தோழரின் தமக்கைக்கு நிக்காஹ் நடைபெற்றது. தோழர் கீழக்கரையைச் சேர்ந்தவர். அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பை நானே வலியச் சென்று ஏற்றுக் கொண்டேன். கணிப்பொறி அறிவியல் படிப்பவன், விடுமுறை நாட்களில் ஒரு டி.டி.பி. கடையில் அமர்ந்து பழகியவன், இது கூடவா நமக்கு வராது என்ற நினைப்பு. தமிழ் வாசகம் அழகாகவே அமைந்தது. மேலே ஒரு வரியில் 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கும் வாசகமும், கீழே மணமக்களுக்கான துஆ ஒன்றும் அரபியில் வேண்டும் என்றார்கள். தோழர் தம் கைபேசியிலிருந்து அவ்வரிகளை அனுப்பி வைத்தார். கடையிலிருந்த பழைய பக்க அமைப்பு மென்பொருளில் அவற்றை எடுத்து ஒட்டினேன். புள்ளிகளும் வளைவுகளுமாக ஏதோ தெரிந்தது. எனக்கு அரபு தெரியாது. தோழரோ ஊருக்குப் போயிருந்தார். தமிழ்ப் பகுதிக்கு மட்டும் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்துவிட்டு ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு, கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

தோழரின் பாட்டனார் ஓர் அழைப்பிதழைக் கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக் கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, எழுத்தெல்லாம் இருக்கு. சொல்லுதான் ஒண்ணும் இல்லே" என்றார். கோபித்துக் கொண்டிருந்தால் கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றிரவு அவரே அவ்விரு வரிகளையும் வெள்ளைத் தாளில் எழுதினார். அதை நகலெடுத்துச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து ஐந்நூறு அழைப்பிதழ்களிலும் பசை தடவி ஒட்டினார்கள். நானும் ஒட்டினேன். தோழரின் உம்மா எனக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். என் தவறு பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

குற்றம் என்னுடையதுதான். தெரியாத மொழியைத் தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சேற்றியது பெரும் பிழை. ஆனால் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. அந்த மென்பொருள், தனக்கு அரபு எழுதத் தெரியாது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. தெரிந்தது போலவே காட்டிக் கொண்டது. அந்தக் கூட்டாளியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மாணவ நண்பர்களே, அன்று நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். அரபு எழுத்துகள் நம் எழுத்துகளைப் போல் தனித்தனியாக நிற்பவை அல்ல. 28 எழுத்துகளில் ஆறு நீங்கலாக மற்றவையெல்லாம் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு கைகோத்துக் கொள்ளும். சொல்லின் முதலில் வந்தால் ஒரு வடிவம், இடையில் வந்தால் ஒரு வடிவம், இறுதியில் ஒன்று, தனித்து நின்றால் இன்னொன்று. முஹம்மத் என்ற பெயரைப் பாருங்கள். மீம், ஹா, மீம், தால் என நான்கே எழுத்து. மீம் இருமுறை வருகிறது. ஆனால் முதல் மீமும் மூன்றாவதாக வரும் மீமும் பார்வைக்கு ஒன்றாக இரா. ஒன்று தொடங்கி வைக்கிறது. மற்றது இருபுறமும் கைகொடுத்து நிற்கிறது. எழுத்துகளைச் சேமித்து வைத்திருக்கும் கணிப்பொறிக்கு மீம் என்பது மீம்தான். எந்த இடத்தில் எந்த வடிவத்தைத் தீட்டுவது என்று முடிவு செய்து, பின்னர் வலக்கோடியில் தொடங்கி இடப்புறமாக அடுக்குவது மென்பொருளின் கடமை. நான் பயன்படுத்திய மென்பொருள் இரண்டையும் செய்யவில்லை. எல்லா எழுத்துக்கும் தனித்து நிற்கும் வடிவத்தைப் போட்டு, இடப்புறத்திலிருந்து வரிசையாக அடுக்கி விட்டது. வலமிருந்து படிப்பவர் கண்ணுக்கு அப்பெயர் தால், மீம், ஹா, மீம் என்று உதிரி உதிரியாகத் தலைகீழாக வரும். 'தம்பி' என்பதை 'பி, ம், த' என்று அச்சிட்டு நம் வீட்டுத் திருமண அழைப்பிதழின் உச்சியில் போட்டால் எப்படி இருக்கும்?

எபிரேய மொழியில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. அதன் 22 எழுத்துகளும் தனித்தனியாகவே நிற்கும். ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு. ஆகவே வரியைத் திருப்பிப் போட்டாலும், மொழி அறியாதவன் கண்ணுக்கு எந்தக் கோளாறும் தெரியாது. அரபு உடைந்தால் உடைந்த சில்லுகளாவது தென்படும். எபிரேயம் திரும்பினால் சத்தமே இல்லை.

இந்தச் சிக்கலின் வேர், எழுத்தை எந்த வரிசையில் சேமிப்பது என்பதில் இருக்கிறது. இதை விளக்க அரபுக்குப் போக வேண்டியதில்லை. நம் 'கொடி' போதும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொ' அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். தாளில் எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில் அடிப்போம். வாயால் சொல்லும்போது ககரம்தான் முதலில் வருகிறது. உயிரொலி பிறகு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று, நாவுக்குத் தெரியும் வரிசை வேறொன்று. தொண்ணூறுகளில் இருந்த தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் கண்ணின் வரிசையையே பின்பற்றின. அதனால் 'கெண்டை'யும் 'செண்டு'ம் 'தெருவு'ம் அகர வரிசையில் கொம்பை முன்னிட்டு ஒரே இடத்தில் போய்க் குவிந்தன. யூனிகோடு முறை நாவின் வரிசையைப் பிடித்துக் கொண்டது. ககரத்தை முதலில் சேமி. கொம்பை அதற்கு முன்னே வரைவது திரையின் பாடு என்றது. 1991-ஆம் ஆண்டு அதன் முதற்பதிப்பு வந்தபோதே அரபுக்கும் எபிரேயத்துக்கும் இதே நெறிதான். ஒலிக்கும் வரிசையில் சேமி. வலமிருந்து அடுக்குவதைக் காட்டும் இடத்தில் பார்த்துக்கொள்.

கண்ணின் வரிசையில் சேமித்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையத்தின் தொடக்க காலம் நல்ல சாட்சி. தொண்ணூறுகளில் வந்த உலாவிகள் பலவற்றுக்கு இடமிருந்து வலம் ஒன்றே தெரியும். இஸ்ரேல் நாட்டு வலைப்பக்கங்களை உருவாக்கியவர்கள் என்ன செய்தார்கள்? எபிரேய வரி ஒவ்வொன்றையும் பின்னிருந்து முன்னாக எழுதிச் சேமித்தார்கள். உலாவி அதை இடமிருந்து அடுக்கும்போது பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் திரையைச் சற்றே குறுக்கினால் வரி மடியும் அல்லவா? மடிந்தவுடன் வாக்கியத்தின் கடைப்பகுதி முதல் வரியிலும், முற்பகுதி இரண்டாம் வரியிலும் போய் உட்காரும். அதைத் தடுக்க ஒவ்வொரு வரியையும் கையாலேயே முறித்து வைத்தார்கள். ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் அதையும் தலைகீழாக அடித்துத் தேட வேண்டும். ஒரு மொழி பேசும் மக்கள் தம் சொல்லைத் தாமே கவிழ்த்துப் போட்டு, இயந்திரத்தின் முன் கையேந்தி நின்ற காலம் அது. 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 வெளிவந்து, பக்கத்தின் திசை இதுவென்று அறிவிக்க ஒரு வழி முறையாகக் கிடைத்த பின்னர்தான் நிலைமை மெல்லத் திருந்தியது.

அறிஞர்கள் இதை அதற்கும் முன்பே எண்ணாமல் இல்லை. ஜோசப் பெக்கர் என்பவர் 1984-ல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் பன்மொழிச் சொற்செயலாக்கம் குறித்து எழுதினார். டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைப் படைத்த டொனால்டு க்னூத், பியர் மெக்கேயுடன் சேர்ந்து 1987-ல் இருதிசை எழுத்துகளை ஒரே வரியில் கலப்பது பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். நான் அழைப்பிதழ் அச்சிட்டது அதற்கெல்லாம் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின். வழி இருந்தது, நான் உட்கார்ந்த நாற்காலி வரைக்கும் அது வந்து சேரவில்லை.

'வலமிருந்து எழுதுவதுதானே, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி விட்டால் போயிற்று' என்று சிலர் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அரபியிலும் எபிரேயத்திலும் எண்கள் திரும்புவதில்லை. 1987 என்று எழுதினால் ஆயிரமிட எண்ணாகிய 1 இடக்கோடியிலேயே நிற்கும். ஆங்கிலச் சொல் ஒன்று குறுக்கே வந்தால் அதுவும் இடமிருந்து வலமாகவே ஓடும். எனவே ஒரே வரியில் சொற்கள் ஒரு திசையிலும் எண்கள் எதிர்த்திசையிலும் போகும். இதை ஒழுங்குபடுத்த யூனிகோடு அமைப்பினர் வகுத்துள்ள நெறிமுறை, எழுத்துகளுக்குத் திசைக்குணம் கற்பிக்கிறது. எழுத்துகள் திசையில் உறுதி வாய்ந்தவை. எண்கள் உறுதி குறைந்தவை. இடைவெளியும் நிறுத்தற்குறிகளும் தமக்கென்று திசையே இல்லாதவை. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் பக்கம் சாய்பவை. (நம் வகுப்பிலும் இம்மூவகையினரைக் காணலாம்.) ஒரு வாக்கியத்தின் இறுதிப் புள்ளி, பத்தியின் திசை இன்னதென்று மென்பொருளுக்குச் சொல்லப்படாவிட்டால், வாக்கியத்தின் தொடக்கத்தில் போய் நிற்கும். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற நம் பாடத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஓர் அரபு வாக்கியத்தின் முடிவில் எழுதினால், கூட்டல் குறி இரண்டும் சி-க்கு முன்னால் ஓடிவிடும். அவை திசையில்லாக் குறிகள். சுற்றியுள்ள அரபுப் பக்கம் சாய்ந்து விடுகின்றன.

இதையெல்லாம் நான் நூலில் படித்து வியந்ததோடு நிற்கவில்லை, பட்டே அறிந்தேன். அழைப்பிதழ் விவகாரத்துக்குப் பின், பிராயச்சித்தம் போல ஒரு வேலையை எடுத்துக் கொண்டேன். தோழரின் பாட்டனாரிடம் ஓர் அலமாரி நிறையப் பழைய நூல்கள் உள்ளன. பாதி அரபு, மீதி அரபுத்தமிழ். அரபுத்தமிழ் என்பது நம்மில் பலர் கேள்விப்படாதது. மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக அவ்வாறு எழுதியும் அச்சிட்டும் வந்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கும் எழுத்துகளுக்கே புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகள் செய்து கொண்டார்கள். ஆக, வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளின் பட்டியலில், ஒரு வகையில், தமிழும் உண்டு! இந்நூல்களுக்குக் கணிப்பொறியில் ஒரு பட்டியல் தயாரிப்பதே என் வேலை. தலைப்பு, அதையடுத்து அலமாரி எண், பிறகு தமிழில் ஒரு குறிப்பு. தலைப்பை அரபு எழுத்தில் அடித்து, அருகே 3 என்று எண்ணையும் அடித்தேன். எண், தலைப்புக்கு இடப்புறம் போய் நின்றது. அழித்து மீண்டும் அடித்தேன், மீண்டும் ஓடிற்று. கணிப்பொறி பழுது என்றே நினைத்தேன். உண்மையில் அது தன் நெறிமுறைப்படி ஒழுங்காகவே நடந்து கொண்டது. அரபுச் சொல்லை அடுத்து வந்த எண்ணை அது அந்த அரபு வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக் கொண்டது. தலைப்பு வேறு, எண் வேறு என்று நான் அதற்குச் சொல்லவில்லை. இவ்வாறு ஒரு துண்டைச் சுற்றி வேலியிட்டு, உள்ளே இருப்பது வெளியே இருப்பதைத் தொடாமல் தனிமைப்படுத்தும் குறிகளை யூனிகோடு 2013-ஆம் ஆண்டு 6.3 பதிப்பில்தான் சேர்த்தது. பெரியவர்களுக்கே இருபதாண்டுக்கு மேல் பிடித்த பாடம் எனக்கு ஒரு மாலையில் வராததில் வியப்பில்லை.

நூலின் அலமாரி எண் மாறினால் தேடிக் கண்டுபிடித்து விடலாம். தொலைபேசி எண் மாறினால்? தோழரின் அண்ணன் துபாயில் பணி செய்கிறார். அவர் ஒருமுறை தம் கைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்பினார். அரபு வாக்கியத்தின் நடுவே, இடைவெளி விட்டு மூன்று கூறாக எழுதிய தொலைபேசி எண். ஒவ்வொரு கூறும் உள்ளே சரியாகவே இருந்தது. ஆனால் கூறுகளின் வரிசை மாறி, கடைசிக் கூறு முதலிலும் முதற்கூறு கடைசியிலுமாக நின்றன. இடைவெளிக்குத் திசை கிடையாது என்றேனே, அதன் விளைவு இது. எண்ணை ஓர் ஒற்றைத் துண்டாக மென்பொருள் எழுதியவர் வேலியிட்டிருந்தால் இது நேராது. அவருக்கு அது தோன்றவில்லை. அவர் திரையில் அந்த எண் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கும். வேலை தேடிச் சென்ற ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து அழைத்தால் யார் எடுப்பார்? மருந்துச் சீட்டில், வங்கிக் கணக்கில் இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரிக்கவில்லை.

எழுத்தோடு முடிந்து விடுவதும் இல்லை. வலமிருந்து படிப்பவருக்கு பக்கமே வலத்தில் தொடங்குகிறது. பட்டியல் வலப்புறம் இருக்க வேண்டும். 'திரும்பிச் செல்' என்னும் அம்பு வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு சலவைத்தூள் விளம்பரக் கதை உண்டு. அழுக்குத் துணி, சலவைத்தூள், வெளுத்த துணி என்று மூன்று படங்களை இடமிருந்து வலமாக வரைந்து அரபு நாடு ஒன்றில் வைத்தார்களாம். வலமிருந்து பார்த்த மக்கள், வெள்ளைத் துணியை அழுக்காக்கும் தூள் என்று ஒதுங்கி விட்டார்களாம். உண்மையோ கட்டுக்கதையோ அறியேன். வகுப்பில் சொல்ல ஏற்ற கதை. ஆனால் எல்லாவற்றையும் திருப்பினாலும் தவறுதான். கடிகார முள் அரபு நாட்டிலும் அதே பக்கம்தான் சுற்றுகிறது. பாட்டுப் பெட்டியின் முக்கோணக் குறி நாடா ஓடும் திசையைக் காட்டுவது. அதைத் திருப்புவதில்லை என்பதே இன்று பெருவழக்கு. அடைப்புக்குறியோ திரும்பியே ஆக வேண்டும். இல்லையேல் திறக்க வேண்டிய இடத்தில் மூடும். இவற்றில் எது திரும்பும் எது திரும்பாது என்பதை, அம்மொழியில் வாழ்கிறவரைக் கேளாமல் நாற்காலியில் இருந்தபடி தீர்மானிக்க முடியாது.

இவ்வளவு சொன்னதும் என் வகுப்புத் தோழர்கள் கேட்ட கேள்வியை மறைக்காமல் எழுதுகிறேன். "இதற்கெல்லாம் நேரம் ஏது? முதலில் ஆங்கிலத்தில் ஓடட்டும், கேட்பவர்கள் வந்தால் அரபு சேர்த்துக் கொள்ளலாம்" என்றார்கள். செலவு பற்றிய அவர்கள் பேச்சில் உண்மை உண்டு. இருதிசை எழுத்தைக் கையாள்வது எளிதன்று. இரு திசைகள் சந்திக்கும் எல்லையில் கர்சர் எங்கே நிற்பது என்பதற்கே இரண்டு விடைகள் உண்டு. அம்பு விசையை ஒருமுறை அழுத்தினால் அது வரியின் மறுகோடிக்குப் பாயும். சுட்டியால் தேர்ந்தெடுத்தால் நடுவில் ஓட்டை விழும். தேர்ந்த நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 2015 மே மாதம், அரபு எழுத்துகள் கலந்த ஒரு குறுஞ்செய்தி வந்தாலே ஐபோன்கள் நின்று மீண்டும் தொடங்கிய செய்தி உலகமெங்கும் வந்தது. ஆண்ட்ராய்டு தன் திரையமைப்பை முழுமையாகத் திருப்பக் கற்றது 2012-ல் வந்த 4.2 பதிப்பில், ஐபோன் கற்றது 2015-ல் வந்த ஐ.ஓ.எஸ். 9-ல். முப்பது கோடிக்கு மேற்பட்டோர் பேசும் அரபு மொழிக்கே, அதுவும் செல்வ வளம் மிக்க நாடுகளின் மொழிக்கே, இத்தனை காலதாமதம்.

திசை மாற்றும் குறிகளால் தீங்கும் உண்டு என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். இயங்கு கோப்பின் பெயரைத் திருப்பிக் காட்டி, சாதாரணக் கடிதக் கோப்பு போலத் தோன்றச் செய்யும் ஏமாற்று பழையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும், நிரலைப் படிக்கும் மனிதன் கண்ணுக்கு ஒன்றும் இயந்திரத்துக்கு வேறொன்றுமாக எழுத இக்குறிகள் உதவக் கூடும் என்று 2021-ல் காட்டினார்கள். அப்படியானால் இக்குறிகளையே தடை செய்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கத்தியால் குத்துகிறார்கள் என்பதற்காக அடுக்களைகளைப் பூட்டுவதா? நிரலை எழுதும் இடத்தில் மறைந்த குறிகளை வெளிப்படையாகக் காட்டு என்றால் அது நியாயம். அரபு மொழியே வேண்டாம் என்றால்?

'பிறகு சேர்த்துக் கொள்ளலாம்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், பிறகு சேர்ப்பதுதான் பெருஞ்செலவு. என் பட்டியல் நிரலையே திறந்து பார்த்தேன். 'இடம்' என்ற சொல்லை எழுபத்து மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். இடப்புறம் இத்தனை புள்ளி தள்ளு, இடப்புறம் சீர் செய், இடப்புறக் கோடு போடு என்று. நான் சொல்ல வந்தது இடப்புறம் அல்ல. 'வரி தொடங்கும் பக்கம்'. இடத்திலிருந்து படித்தே வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றென்று தோன்றிவிட்டது. இன்று சி.எஸ்.எஸ். மொழியில் 'மார்ஜின்-லெஃப்ட்' என்பதற்குப் பதிலாக 'மார்ஜின்-இன்லைன்-ஸ்டார்ட்' என்று எழுத வழியுண்டு. பொருள், வரி தொடங்கும் பக்கத்து ஓரம் என்பது. தமிழ்ப் பக்கத்தில் அது இடமாகும். அரபுப் பக்கத்தில் தானே வலமாகும். முதல் நாளே அப்படி எழுதியிருந்தால் ஒரு காசு கூடுதல் செலவில்லை. எழுபத்து மூன்று இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதிலும் இரண்டு இடங்களில் 'இடம்' என்பது உண்மையாகவே இடப்புறம்தான். அவற்றை மாற்றிக் கெடுத்து மீண்டும் சரி செய்தேன்.

'எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே' என்போரும் உளர். இந்தச் சொல்லைத் தமிழரிடம் சொல்வதற்குத் துணிவு வேண்டும். கணிப்பொறியில் தமிழ் வேண்டும் என்று 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ்99 என்று விசைப்பலகைக்கு ஒரு வரையறை கண்டவர்கள் நாம். நமக்குக் கேட்ட அதே உரிமையை அடுத்த வீட்டார் கேட்கையில் 'செலவாகுமே' என்று கணக்குப் பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்? சென்னையில் 1927-ல் தொடங்கிய 'முசல்மான்' என்ற உருது நாளேட்டை, 2000-க்குப் பின்னரும் எழுத்தர்கள் கையாலேயே எழுதி அச்சுக்கு அனுப்பி வந்தார்கள். அதில் மரபின் மீதுள்ள பற்று இருந்தது உண்மை. ஆனால் வலமேலிருந்து இடக்கீழாகச் சரிந்து இறங்கும் அந்த நஸ்தலீக் எழுத்தழகுக்கு ஈடுகொடுக்க இயந்திரம் வெகுகாலம் திணறியதும் உண்மை.

இவையெல்லாம் பழைய மொழிகளின் பாடு, காலப்போக்கில் கரைந்துவிடும் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்னும் சகோதரர் இருவர், சிறுவர்களாக இருந்தபோது, 1989-ல், தம் தாய்மொழியாகிய ஃபுலானிக்குப் புதிதாக ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அத்லம் என்று அதற்குப் பெயர். அதுவும் வலமிருந்து இடமாகவே எழுதப்படுகிறது. 2016-ல் அது யூனிகோடில் இடம்பெற்றது. கணிப்பொறிக்குப் பிறகு பிறந்த எழுத்து அது. நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று அது இடப்புறத்தில் தொடங்கவில்லை.

நம் துறையில் ஆண்டுதோறும் மூன்றாமாண்டு மாணவர்கள் திட்டப்பணி செய்கிறோம். நூலகப் பதிவு, விடுதிக் கணக்கு, மருந்துக்கடை இருப்பு என்று. பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் இடும் நாளில் அந்த நிரலில் ஓர் அரபுப் பெயரையும் அதையடுத்து ஒரு தொலைபேசி எண்ணையும் அடித்துப் பாருங்கள். திரையின் திசையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நம் கல்லூரியிலேயே உருது படிக்கும் வீடுகளிலிருந்தும், வாப்பாவோ அண்ணனோ வளைகுடாவில் இருக்கும் வீடுகளிலிருந்தும் வருகிற மாணவர்கள் உள்ளனர். அவர்களில் ஒருவரை அருகில் அமர்த்திப் பார்க்கச் சொன்னால் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் ஒரு வீட்டார் இரவு கண்விழித்திருக்க வேண்டாம்.

பட்டியல் இப்போது இருநூற்றுப் பதினான்கு நூல்கள் வரை வந்திருக்கிறது. பாட்டனார் ஒவ்வொரு தலைப்பையும் வாய்விட்டுப் படிக்கிறார், தோழர் அடிக்கிறார், நான் திரையைக் காட்டுகிறேன். சரியாக இருந்தால் தலையசைப்பார். இரண்டு அரபுத்தமிழ் எழுத்துகளை என் எழுத்துருவில் இன்னும் சரியாகக் காட்ட முடியவில்லை. அந்த இடங்களில் சிறு கட்டங்கள் நிற்கின்றன. "அது நம்ம 'ழ'வுக்கு விட்ட இடமா தம்பி?" என்று கேட்டார். வேறு எழுத்துரு தேடிக் கொண்டிருக்கிறேன்.

இக்கட்டுரையை மலர்க் குழுவினரிடம் கொடுத்தபோது, முஹம்மத் என்ற பெயரை எடுத்துக்காட்டுக்காக அரபு எழுத்திலேயே ஓரிடத்தில் அச்சிட முடியுமா என்று கேட்டேன். அச்சகத்தில் விசாரித்துச் சொல்வதாகப் பொறுப்பாசிரியர் சொன்னார். மறுவாரம் வந்து, அங்குள்ள மென்பொருளில் எழுத்துகள் பிரிந்து பிரிந்து விழுகின்றனவாம், வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன்.